புதிய கரையில் கேட்டமரன் இறக்க இடம் கண்டுபிடிப்பது எப்படி? முதல் ரெகாட்டாவுக்கும் யோசனை தேவை

#1 இரட்டைஹல்

எல்லோருக்கும் வணக்கம். ஒன்றரை வருடமாகப் பழைய ஹோபி 16 ஒன்றை, இரண்டு ஹல் (படகின் உடல்) கொண்ட சின்னப் பாய்மரக் கேட்டமரனை, ஓட்டுகிறேன். இதுவரை ஒரே ஏரி, ஒரே சரிவுதான். இந்தப் பருவத்தில் வேறு தண்ணீரும் பார்க்கலாம் என்று இரண்டு முறை கிளம்பினோம். இரண்டு முறையும் படகு நனையாமலே வீடு திரும்பினோம்.

முதல் இடம் செயற்கைக்கோள் படத்தில் அருமையான மணல்கரை. நேரில் போனால் சாலைக்கும் மணலுக்கும் நடுவே இடுப்பு உயரத்துக்குக் கருங்கல் அடுக்கியிருக்கிறார்கள். கொஞ்சம் தள்ளி ஒரு வழி இருந்தது, அதன் மேல் உயரத் தடுப்புக் கம்பி. இரண்டாவது இடத்தில் கல்லும் இல்லை, கம்பியும் இல்லை. தண்ணீர் முந்நூறு மீட்டர் தள்ளி இருந்தது, நடுவில் முழங்கால் அளவு சேறு. வண்டியிலிருந்து இறங்காமல் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம்.

இரண்டு கேள்விகள். புதிய இடம் ஒன்று நமக்கு ஒத்துவருமா என்று முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்கிறீர்கள்? அடுத்தது, இரண்டு மாதத்தில் ஒரு ரெகாட்டா (பாய்மரப் படகுப் போட்டி) வருகிறது, எல்லா வகைக் கேட்டமரனும் வரலாம் என்று போட்டிருக்கிறார்கள். நான் பந்தயமே ஓட்டியதில்லை. போகலாமா?

#2 ஓதக்காரர்

தம்பி, அந்தச் சேற்றுக் கரையைக் கைவிட்டுவிடாதீர்கள். சரியான நேரத்தில் போனால் அதே இடத்தில் சக்கரம் நனைந்த உடனே படகு மிதக்கும்.

ஓதம், அதாவது கடல்மட்டம் ஏறி வற்றுவது, உள்ள கடலில் தண்ணீர் ஒரே வேகத்தில் இறங்காது. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே உள்ள ஆறு மணி நேரத்தில் இறங்கும் தண்ணீரைப் பன்னிரண்டு பங்காகப் போடுங்கள்: முதல் மணியில் ஒரு பங்கு, அடுத்து இரண்டு, பிறகு மூன்று, மூன்று, இரண்டு, ஒன்று. நடுவில் வரும் இரண்டு மணி நேரத்திலேயே பாதித் தண்ணீர் போய்விடும். நான்கு மீட்டர் ஏறி இறங்கும் இடம் என்றால் அந்த நேரத்தில் மணிக்கு ஒரு மீட்டர். ஐம்பது மீட்டர் நடந்தால் ஒரு மீட்டர் இறங்கும் சரிவான கரையில், அந்த ஒரு மணி நேரத்தில் தண்ணீர் விளிம்பு ஐம்பது மீட்டர் பின்வாங்கும். ஹோபி 16-இன் எடை 145 கிலோ. ஈரச் சேற்றில் இரண்டு பேர் அதை ஐம்பது மீட்டர் இழுத்துப் பார்த்தால் அட்டவணை பார்க்கும் பழக்கம் தானாக வந்துவிடும்.

இன்னொரு விஷயம், பலர் கவனிப்பதில்லை. நாளுக்கு இரண்டு ஏற்றம் வரும் கரைகளில், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் உச்ச ஏற்றம் வரும் நேரம் வருடம் முழுவதும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். அதை ஒருமுறை குறித்து வைத்தால் போதும். அங்கிருந்து நாளுக்குச் சுமார் ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும் என்று மனக்கணக்காகவே போட்டுவிடலாம்.

நான் ஒவ்வொரு இடத்துக்கும் நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கம் வைத்திருக்கிறேன். பக்கத்தின் தலைப்பில் எழுதுவது, இந்தக் கரைக்கு எப்படித் திரும்பி வருவது என்பதைத்தான். இறக்குவது எப்படி என்பது அதற்குக் கீழேதான் வரும். பழகும் காலத்தில் ஒரு கழிமுக வாயில் இறக்கினேன். வற்றம் ஆரம்பித்திருந்தது. நீரோட்டம் கூடவே தள்ள, பாய் முழுதாக நிறைவதற்குள் வெளியே போய்விட்டோம், அவ்வளவு சுகம். திரும்பும்போது காற்று தளர்ந்துவிட்டது. கரையில் இருந்த ஒரு மஞ்சள் வீட்டை நேராகப் பார்த்தபடி ஒன்றரை மணி நேரம் ஓட்டியிருக்கிறோம், அந்த வீடு இருந்த இடத்திலேயே இருந்தது. படகு தண்ணீரைக் கிழித்து ஓடுவது தெரிகிறது, வீடு மட்டும் நகரவில்லை. ஓட்டம் மாறிய பிறகுதான் உள்ளே வர முடிந்தது. அதற்குள் என் துணைவிக்குக் குளிரில் பல் தந்தியடிக்க ஆரம்பித்துவிட்டது.

அதனால் முதல் தடவை படகு இல்லாமல் போங்கள். வற்றம் உச்சத்தில் இருக்கும்போது போய் நடந்து பாருங்கள். ஏற்றத்தில் தண்ணீர் மூடிவைத்திருக்கும் பாறை, பழைய தூண், கம்பி எல்லாம் அப்போதுதான் தெரியும். படங்களில் பழைய தேதிகளையும் திருப்பிப் பாருங்கள், அந்தக் கருங்கல் அடுக்கு ஏதாவது ஒரு படத்தில் நிழலாகத் தெரிந்திருக்கும்.

#3 பாய்க்கயிறு

ஓதக்காரர் அண்ணா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நேரில் போனால் முதலில் தலையை உயர்த்திப் பாருங்கள். மின்கம்பி இருக்கிறதா?

ஹோபி 16-இன் பாய்மரம் எட்டு மீட்டர். படகின் மேல் நிற்க வைத்தால் இன்னும் கொஞ்சம் உயரம். வண்டி நிறுத்தும் இடத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே கம்பி போகும் கரைகள் நிறைய உண்டு. நின்ற பாய்மரத்தோடு படகைத் தள்ளிப் போகும்போது எல்லோருடைய கண்ணும் சக்கரத்தில்தான் இருக்கும், மேலே யாரும் பார்க்க மாட்டார்கள். அப்படி உயிர்கள் போனதால்தான் 1980களில் பாய்மரத்தின் மேல்பகுதியை மின்சாரம் கடத்தாத ஃபைபர்கிளாஸில் செய்யத் தொடங்கினார்கள். காம்ப்டிப் என்பது அதுதான். ஆனாலும் கீழ்ப்பகுதி அலுமினியம், பிடித்து நிற்கும் கம்பிகள் எஃகு. காம்ப்டிப் இருக்கிறது என்று தைரியமாகக் கம்பிக்கு அடியில் போகக் கூடாது.

அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். உங்கள் படகு 2.41 மீட்டர். வாயில் 2.5 மீட்டர் இருந்தால் நுழையும், ஆனால் சக்கர அச்சு வெளியே நீட்டிக்கொண்டு இருக்கும். டொர்னாடோ என்ற பெரிய கேட்டமரன் வைத்திருக்கும் நண்பருக்கு மூன்று மீட்டருக்கு மேல் வேண்டும். அவர் எங்கே போனாலும் கையில் அளவு நாடா இருக்கும்.

#4 சுக்கான்பிடி

காற்றைப் பற்றி நான் சொல்கிறேன். கரைக்குப் பக்கவாட்டில் வீசும் காற்றுதான் நமக்கு ஏற்றது. போகும்போதும் வரும்போதும் ஒரே வாட்டம், பாயை லேசாக விட்டால் படகு நின்றுவிடும். கடலிலிருந்து நேராகக் கரைக்கு அடித்தால் வெளியே போவதுதான் பாடு, ஏதாவது உடைந்தாலும் காற்றே கரையில் கொண்டுவந்து சேர்க்கும். கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும் காற்றுதான் ஆளை ஏமாற்றும். மரங்களுக்கும் வீடுகளுக்கும் பின்னால் நின்று பார்த்தால் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். ஒரு கிலோமீட்டர் தள்ளிப் பாருங்கள். அங்கங்கே வெள்ளை நுரை தெரிந்தால் காற்றின் வேகம் ஏழு முதல் பத்து நாட் (மணிக்குக் கடல்மைல்). அடிக்கடி தெரிந்தால் பதினொன்றுக்கு மேல். அங்கே போய்ச் சுக்கான் கழன்றால் ஒவ்வொரு நிமிடமும் கரை தூரமாகிக்கொண்டே போகும். புதிய இடத்தில் அப்படிக் காற்றடித்தால் நான் படகைக் கட்டுப் பிரிப்பதே இல்லை. வெயில் ஏறிய பிறகு கடல்காற்று எழும்பினால் பார்க்கலாம் என்று காத்திருப்பேன்.

அலை உடையும் கரையில் எங்கே நுழைவது என்று பார்க்கும்போது ஒரு தவறு நடக்கும். இருபுறமும் அலை நுரைத்து உடைகிறது, நடுவில் ஒரு பட்டை மட்டும் அமைதியாகக் கறுத்துக் கிடக்கிறது, ஆகா வழி என்று தோன்றும். பெரும்பாலும் அது கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம். போவதற்கு நல்ல பாதைதான், பழகியவர்கள் தெரிந்தே அதில் போவார்கள். திரும்ப அதில் வர முடியாது. வேறு இடம் பார்த்து வைத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

நமக்கு நடுப்பலகை கிடையாது. ஒரு பக்கம் சப்பையாகவும் மறுபக்கம் வளைந்தும் இருக்கும் ஹல்தான் பக்கவாட்டில் நழுவாமல் பிடிக்கிறது. ஆழமில்லாத இடத்திலும் ஓடுவோம் என்பது நமக்குப் பெரிய வரம். ஆனால் சுக்கான் பாதி தூக்கியிருக்கும்வரை படகு சொன்னபடி கேட்காது, கைப்பிடி கல்லாய்க் கனக்கும். தண்ணீர் தொடையளவு வந்ததும் ஒருவர் முன்னால் நின்று அணியத்தை (படகின் முன்முனையை) அலைக்கு நேராகப் பிடிக்க வேண்டும், மற்றவர் சுக்கானைக் கீழே தள்ள வேண்டும். 'டக்' என்று பூட்டு விழும் சத்தத்தைக் காதால் கேட்க வேண்டும். ஒரு பக்கம் விழுந்து மறுபக்கம் விழாமல் ஏறிவிட்டால், முதல் அலையிலேயே படகு குறுக்கே திரும்பிவிடும்.

படகுக்கும் கரைக்கும் நடுவில் மட்டும் நிற்கவே நிற்காதீர்கள். அலை தூக்கி எறிந்தால் படகு முழுதும் உங்கள் முழங்காலில். எப்போதும் கடல் பக்கம், அல்லது அணியத்தில். குழந்தைகள் உதவிக்கு வந்தால் இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் கயிற்றைக் கையில் கொடுக்க வேண்டும்.

#5 இரட்டைஹல்

அக்கா, அந்த 'டக்' சத்தம் எனக்கு நன்றாகத் தெரியும், ஏரியில் அவசரமே இல்லாமல் கேட்பேன். அலையில் எவ்வளவு அவசரம் இருக்கும் என்று இப்போதுதான் புரிகிறது. கடலுக்கு முன்னால் இன்னும் இரண்டு ஏரிகளில் பழகலாமா?

#6 ஏரிக்காற்று

தாராளமாக. ஆனால் நீர்த்தேக்கம் என்றால் சும்மா நினைக்காதீர்கள். நீர்மட்டம் பருவத்துக்குப் பருவம் மாறும். மட்டம் இறங்கும்போது பழைய மரக்கட்டைகள் சரியாகச் சுக்கான் ஆழத்தில் நிற்கும். மதகுப் பக்கமும் அணைச் சுவர்ப் பக்கமும் மிதவைக் கயிறு போட்டிருந்தால் அதன் அருகிலேயே போக வேண்டாம். சுற்றிலும் குன்று இருந்தால் காற்று ஒரு திசையில் நிற்காது. கறுப்புத் திட்டாக வீச்சு வருவது தண்ணீரின் மேலேயே தெரியும். அதைப் பார்க்கக் கற்றுக்கொள்ள ஏரிதான் நல்ல பள்ளிக்கூடம்.

ஒரு ஏரியிலிருந்து இன்னொன்றுக்குப் போகுமுன் ஹல்லின் வடிகால் மூடியைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள். டிரெயிலரில் ஒட்டிய பாசியைக் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். களைச்செடியும் சிப்பியும் இப்படித்தான் ஊர் மாறுகின்றன. ஒரு ஏரி நாசமானால் முதலில் மூடுவது படகுச் சரிவைத்தான்.

தனியார் நிலம் வழியாகப் போக வேண்டியிருந்தால் கேளுங்கள். கேட்டு மறுத்தவர்களை என் அனுபவத்தில் விரல் விட்டு எண்ணிவிடலாம். கேட்காமல் போய் வழியடைத்ததால், பின்னால் வந்த எல்லோருக்கும் மூடிய கரைகள் அதைவிட அதிகம்.

#7 வெண்நுரை

ரெகாட்டா கேள்விக்கு வருகிறேன். கட்டாயம் போங்கள். புதிய கரையைப் பழகுவதற்கு அதைவிடப் பாதுகாப்பான நாள் கிடையாது. எங்கே இறக்குவது என்று அவர்களே காட்டுவார்கள், மீட்புப் படகு சுற்றிக்கொண்டிருக்கும், உடைந்த ஷேக்கிளுக்கு (இணைப்பு வளையத்துக்கு) மாற்று யாராவது ஒருவருடைய பெட்டியில் இருக்கும்.

முதலில் போட்டி அறிவிக்கையை முழுதாகப் படியுங்கள். மூன்றாம் நபர் காப்பீடு கேட்பார்கள், பல இடங்களில் சங்க உறுப்பினர் அட்டையும் கேட்பார்கள். முந்தின நாள் மாலையே போய்விடுங்கள். காலையில் நாற்பது படகுகள் ஒரே நேரத்தில் பாய்மரம் ஏற்றும்போது புதியவருக்குக் கை ஓடாது.

தொடக்க முறை ஒன்றை மனப்பாடம் செய்துவிட்டால் பாதி பயம் போய்விடும். ஐந்து நிமிடம் இருக்கும்போது உங்கள் வகுப்புக் கொடி ஏறும், கூடவே ஒரு சத்தம். நான்கில் ஆயத்தக் கொடி, வழக்கமாக நீலத்தில் வெள்ளைச் சதுரம் போட்ட பி (P) கொடி. ஒரு நிமிடம் இருக்கும்போது அது இறங்கும். பூஜ்ஜியத்தில் வகுப்புக் கொடி இறங்கும், போகலாம். சத்தம் காற்றில் கேட்காமல் போகலாம், கொடிதான் கணக்கு. சிவப்பும் வெள்ளையும் கோடு போட்ட நீளக் கொடி ஏறினால் தாமதம். அது கரையில் பறந்தால் நிதானமாக இருங்கள், படகைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

வழி விடும் விதியில் முதல் நாளுக்கு மூன்று போதும். இடப்பக்கம் காற்று வாங்கிப் போகிறவர், வலப்பக்கம் வாங்கி வருபவருக்கு வழி விட வேண்டும். ஒரே பக்கம் காற்று வாங்கி அருகருகே போனால், காற்று வரும் பக்கம் இருப்பவர் விலக வேண்டும். பின்னால் வருபவர் முன்னால் போகிறவரிடமிருந்து விலகியிருக்க வேண்டும். எங்களுடையவை சட்டென்று நிற்காத, சட்டென்று திரும்பாத படகுகள். சந்தேகம் வந்தால் சீக்கிரமே, தெளிவாகத் திரும்பிவிடுங்கள்.

பல வகைப் படகுகள் சேர்ந்து ஓடினால் எடுத்த நேரத்தை ஒவ்வொரு படகின் மதிப்பெண்ணால் வகுத்துத்தான் வரிசை போடுவார்கள். அதனால் புது வேகப் படகு உங்களைத் தாண்டிப் போனால் மனம் விட வேண்டாம். பழைய ஹோபி 16 பின்னால் வந்தும் கணக்கில் முன்னால் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

#8 பாய்க்கயிறு

வெண்நுரை சொன்னதில் எனக்கு ஒரு இடத்தில் உடன்பாடு இல்லை. பந்தயமே ஓட்டாதவர், தெரியாத கடல், பழைய கயிறுகள். முதல் ரெகாட்டாவில் பெயர் கொடுக்காமல் தன்னார்வலராகப் போங்கள். பந்தயப் பாதையைக் காட்டும் மிதவைகளைப் போடும் படகில் ஏறிக்கொள்ளுங்கள். தொடக்கக் கோட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தால் ஒரே நாளில் பத்துப் பந்தயத்துப் பாடம் கிடைக்கும். நான் நேராகப் பந்தயத்தில் குதித்தேன். முதல் மிதவையைச் சுற்றி, காற்றோடு திரும்பிய நொடியில் அணியம் இரண்டும் தண்ணீருக்குள் போய், படகு மூக்கு குத்திக் கவிழ்ந்தது. பின்னால் வந்தவர் எங்கள் மேல் ஏறாமல் திருப்பியது அவருடைய திறமை. எனக்குக் காயம் இல்லை, ஆனால் என்னோடு வந்த பையன் அதற்குப் பிறகு படகேறவில்லை. அது இன்றுவரை உறுத்துகிறது.

#9 சுக்கான்பிடி

நீங்கள் சொல்வது நியாயம்தான். ஆனால் முடிவை இப்போதே எடுக்க வேண்டாம், காலையில் காற்றைப் பார்த்து எடுக்கலாம். பெயர் கொடுத்துவிட்டு ஓட்டாமல் இருப்பதில் எந்த அவமானமும் இல்லை. போட்டி விதியே, ஓட்டுவதா தொடர்வதா என்ற பொறுப்பைப் படகுக்காரரிடம்தான் விட்டிருக்கிறது. பத்து நாட்டுக்குக் கீழே என்றால் கோட்டுக்குச் சற்றுப் பின்னால் நின்று எல்லோரும் போன பிறகு கிளம்புங்கள். அதற்கு மேல் என்றால் மிதவைப் படகு.

#10 ஓதக்காரர்

நடுவில் ஒரு பழைய கதை. 1876-இல் நதானியல் ஹெர்ஷாஃப் 'அமரில்லிஸ்' என்ற இரட்டை ஹல் படகை நியூயார்க்கில் ஒரு ரெகாட்டாவுக்குக் கொண்டுபோய், வந்திருந்த ஒற்றை ஹல் படகுகளை எல்லாம் தோற்கடித்தார். தோற்றவர்கள் முறையிட, அந்த வகைப் படகையே ஒதுக்கி வைத்தார்கள். பிறகு 1976-இல்தான் டொர்னாடோ மூலமாக ஒலிம்பிக்கில் நமக்கு இடம் கிடைத்தது. சரியாக நூறு வருடம். இந்தப் படகுக்கு அவர்கள் வைத்த பெயரே நம் கட்டுமரம்தான். நம்முடையது மரங்களைச் சேர்த்துக் கட்டிய தெப்பம், இவர்களுடையது இரண்டு ஹல். ஆனாலும் ஒவ்வொரு ரெகாட்டாவிலும் ஒலிபெருக்கியில் அந்தச் சொல்லைக் கேட்கும்போது எனக்கு மனம் நிறையும்.

#11 இரட்டைஹல்

போய் வந்துவிட்டேன். விவரமாக எழுதுகிறேன்.

சனிக்கிழமை காலை பதினெட்டு நாட், வீச்சில் அதற்கும் மேல். அக்கா சொன்னபடி படகைக் கட்டுப் பிரிக்காமல் மிதவைப் படகில் ஏறினேன். முதல் தொடக்கத்தில் பாதிப் பேர் கோட்டைத் தாண்டிவிட்டதால் எல்லோரையும் திரும்ப அழைத்தார்கள். பதினைந்து படகுகள் ஒரே நேரத்தில் ஹல்லைத் தூக்கிக்கொண்டு, டிரபீஸ் கம்பியில் ஆட்கள் படகுக்கு வெளியே தொங்க, பத்து மீட்டர் தூரத்தில் போவதை உட்கார்ந்து பார்த்தேன். அந்த இரைச்சல் இன்னும் காதில் இருக்கிறது. மதியம் ஒரு படகு கவிழ்ந்தபோது முன்னால் போய்க்கொண்டிருந்தவர் பந்தயத்தை விட்டுவிட்டுத் திரும்பி வந்து, மீட்புப் படகு வரும்வரை கூடவே நின்றார். ஆபத்தில் இருப்பவருக்கு உதவ வேண்டும் என்பது போட்டி விதிப் புத்தகத்தின் முதல் விதி என்று அன்று தெரிந்துகொண்டேன்.

ஞாயிறு எட்டு நாட். இறங்கினோம். மூன்று பந்தயம், கடைசிக்கு முந்தின இடம், கடைசிக்கு முந்தின இடம், பிறகு கடைசியிலிருந்து ஐந்தாவது! அந்த ஐந்தாவதில் என் மனைவி பாயைப் பிடித்த விதத்தைப் பார்த்து, பக்கத்தில் போனவர் கட்டைவிரலை உயர்த்தினார்.

ஆனால் நான் எழுத வந்தது மாலை நடந்ததைப் பற்றி. படகைக் கழுவிக்கொண்டிருந்தபோது எழுபது வயது தாண்டிய ஒருவர் வந்து, எங்கிருந்து வருகிறீர்கள், எங்கெல்லாம் ஓட்டுகிறீர்கள் என்று கேட்டார். அந்தக் கருங்கல் கரையையும் சேற்றுக் கரையையும் சொன்னேன். உடைந்த பாய்ச்சட்டம் (பாயை விறைப்பாக வைக்கும் பட்டை) ஒன்றை எடுத்து ஈர மணலில் கரைக்கோட்டை வரைய ஆரம்பித்தார். ஆற்று வாய், மணல்திட்டு, பாறை வரிசை. பிறகு புள்ளி வைத்தார். சில புள்ளிகளைச் சுற்றி வட்டம் போட்டார், சிலவற்றை அப்படியே விட்டார். வட்டம் எதற்கு என்று கேட்டேன். 'வட்டம் போட்டதில் ஏறவும் முடியும். மற்றதில் இறங்க மட்டும்தான்' என்றார். ஓதக்காரர் அண்ணா, உங்கள் நோட்டுப் பக்கம்தான் நினைவுக்கு வந்தது.

கருங்கல் கரைக்கு வட்டம் இல்லை. சேற்றுக் கரைக்கு வட்டம். ஏற்றம் உச்சமாவதற்கு இரண்டு மணி நேரம் முன்னும் பின்னும் என்று பக்கத்தில் எழுதினார். படம் எடுப்பதற்குள் ஒரு சிறுவன் டிராலியை அதன் மேல் இழுத்துப் போய்விட்டான். அதனால் அவர் மறுபடியும் பொறுமையாக வரைந்தார்.

#12 ஏரிக்காற்று

அந்தப் படத்தை இங்கே போட முடியுமா?

#13 இரட்டைஹல்

மன்னிக்க வேண்டும். வட்டம் போட்டவற்றில் ஒன்று ஒரு விவசாயியின் வயல் வழியாகப் போகிறது. கேட்டு வருகிறவர்களுக்கு அவர் வாயிலைத் திறந்து விடுகிறார், ஒரே நாளில் இரண்டு படகுக்கு மேல் வேண்டாம் என்கிறார். பொதுவில் போட வேண்டாம் என்று பெரியவர் கேட்டுக்கொண்டார். உங்களுக்குத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன், ஆனால் போகுமுன் அவரிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போங்கள்.

#14 ஏரிக்காற்று

அதுதான் சரி. அனுப்புங்கள், பேசிவிட்டே போகிறேன்.

#15 ஓதக்காரர்

தம்பி, அடுத்த பௌர்ணமிக்கு மறுநாள் ஞாயிறு வருகிறது. உங்கள் சேற்றுக் கரையில் அன்று ஏற்றம் எப்போது என்று பார்த்து எழுதுங்கள். மென்மணலுக்கான பெரிய சக்கரம் ஒரு ஜோடி என்னிடம் கூடுதலாக இருக்கிறது, கொண்டு வருகிறேன்.

#16 இரட்டைஹல்

பார்த்துவிட்டேன் அண்ணா. மதியம் 12.40. பத்தரைக்கு வாருங்கள், தண்ணீர் ஏறி வரும்போதே பாய்மரத்தை நிறுத்திவிடலாம். இரண்டரைக்குள் திரும்பிவிட வேண்டும்.